தொட்டிலில் கிடந்த உளிகள்

தென்காசி முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த தளவாய்க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டென்று அவருடைய சொந்தக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, வேறு வீட்டு வாசலை மிதித்ததும் இல்லை. மனிதர் மரவேலை செய்வார். அவ்வளவுதான்.

வயலும் வரப்பும் உள்ள குடும்பத்தில் பிறந்து, படித்து, கோட்டும் தலைப்பாகையுமாகக் கோர்ட்டுக்குப் போகிற ஆள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தூளில் உட்கார்ந்திருந்தால் சொந்தக்காரர்களுக்கு எப்படி இருக்கும்? ‘ஆசாரிமார் பிழைப்பில் மண்ணைப் போடுகிறான்’ என்று ஒரு மாமா சொன்னார். அதில் துளியும் உண்மையில்லை. ஒரு முக்காலி செய்ய மூன்று மாதம் எடுத்துக்கொள்கிற ஆளைப் பார்த்து எந்த ஆசாரி பயப்படுவார்?

இந்தப் பைத்தியத்துக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் மிளகு வியாபாரி கிதிர் முகம்மது. வயது ஐம்பதைத் தொட்டவர். அவருடைய வீட்டை ஒட்டி, மிளகு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் பின்பக்கத்தில்தான் பட்டறை. மிளகு நெடியும் மரத்தூளும் சேர்ந்து, உள்ளே போனவன் தும்மாமல் வெளியே வந்ததில்லை. எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது ஏலம் விட்ட சாமான்களில் உளியும் இழைப்புளியும் நிறைந்த ஒரு பெட்டி இருந்தது. கிதிர் முகம்மது ஆசைப்பட்டு எடுத்து வந்தார். ஆனால் அவர் ஒரு பலகையை இன்னொரு பலகையோடு சேர்த்தவர் இல்லை. தீட்டுவார். சாணைக்கல்லில் எண்ணெய் விட்டு, உளியைச் சாய்த்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தீட்டுவார். கூர் வந்ததா என்று முழங்கை மயிரை வழித்துப் பார்ப்பார். அதனால் அவருடைய இடது கை எப்போதும் சவரம் செய்த கன்னம் போலவே இருக்கும்.

இன்னொருவர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பிச்சுமணி. அவர் செய்வது பெட்டி மட்டும். மூடி பொருந்தாது, ஆகவே அடுத்த பெட்டி. மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற வச்சிரப் பசையைக் கையால் தொடமாட்டார். பசை போடுகிற நேரம் வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, “நீர் போடும் ஓய், நான் பார்க்கலை” என்பார். பசை காய்ந்த பிறகு பெட்டி தன்னுடையது என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. மெருகுக்கு அரக்கைக் கரைக்க ஸ்பிரிட் கொண்டுவருவது அவர்தான் என்பதால் யாரும் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை.

இவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் மூன்று பேரும் அரண்மனை கட்டுகிறவர்கள் என்று நினைக்கத் தோன்றும். பலாவுக்கு நரம்பு எந்தப் பக்கம், தேக்கை ஏன் வெயிலில் காயப்போடக் கூடாது, பிராய் இலையால் தேய்த்தால் வருகிற வழவழப்பு கடையில் வாங்குகிற உப்புத்தாளில் வருமா வராதா என்று பொழுது சாயும்வரை வாதம் நடக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய வாதம் சாரலைப் பற்றியது. ஆனியில் குற்றாலத்துச் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் உப்புக்கூட ஈரமாகிவிடும். மரம் மட்டும் சும்மா இருக்குமா? ஊதிக்கொள்ளும். அந்த நேரத்தில் இரண்டு பலகையைப் பொருத்தினால் அன்றைக்கு ஊசி நுழையாது. வெயில் காலம் வந்ததும் சுருங்கி, கிழவன் பல்லாக ஆடும். ஆகவே பொருத்துப் போடுவதெல்லாம் சாரலுக்கு முன்னால் என்பது கிட்டங்கியின் சட்டம். தளவாய் கோர்ட்டுச் சட்டத்தைவிட இதை மதித்தார். அவர் பட்ட பாடெல்லாம் அதனால் வந்ததுதான்.

தளவாயின் மனைவி குருவம்மாள். அவர்களுக்கு முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. இரண்டாவது ஆண் பிள்ளை, நல்ல துறுதுறுப்பு. தவழ்ந்து தவழ்ந்து வீட்டையே மெழுகினான். தளவாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் ஒரு வேலையைத் தொடங்கினால் எவ்வளவு நாள் ஆகும் என்பது அவருக்கே தெரியுமாகையால், பிள்ளை எழுந்து நிற்பதற்கு முன்பே நடைவண்டி செய்யத் தொடங்கினார். கைப்பிடிக் கட்டையின் இரண்டு முனையிலும் கிளி மூக்கு செதுக்கினார். வண்டி முடிந்த வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அவன் அந்த வண்டியைப் பிடிக்கவே இல்லை.

எல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு, வண்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் தளவாய். குருவம்மாள் விடவில்லை. தானே பரணில் ஏற்றி, பழைய பாயால் மூடி வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் அழுததைவிட, ஒருநாள் சோறு பரிமாறும்போது சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான் தளவாய்க்கு நெஞ்சில் முள்ளாக நின்றது.

“நிக்காத பிள்ளைக்கு வண்டி செஞ்சீய.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் அவள் மறுபடி உண்டானாள். ஆவணியில் பிள்ளை பிறக்கும் என்று கணக்கு. தெரிந்த அன்றைக்கே அவரிடம் வாக்குக் கேட்டாள்.

“பிள்ளைக்கின்னு ஒரு துணி தைக்கப்படாது, ஒரு பேரு நெனைக்கப்படாது. நீங்க ஒரு ஆணி அடிக்கப்படாது. பிறந்து, அழுது, கண்ணு முழிச்சுப் பாக்கட்டும். அப்புறம் என்ன வேணும்னாலும் செய்ங்க.”

“சரி” என்றார் தளவாய். மனதாரத்தான் சொன்னார்.

ஆனால் பங்குனி வந்தது. கிட்டங்கியில் மிளகு மூட்டைகளுக்கு அடியில் முக்கால் வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்த பலாப் பலகைகள் இருந்தன. முந்தின சாரலில் ஐந்தருவிப் பக்கம் காற்றுக்குச் சாய்ந்த மரம். மூன்று பேரும் அருவிக்குக் குளிக்கப்போன சாக்கில் பார்த்து, தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கி, வண்டியில் ஏற்றி, சொரிமுத்து ஆசாரியின் வாள் பட்டறையில் அறுத்து வந்தது. மஞ்சள் வெட்டிப் போட்டது போன்ற நிறம். பொறுக்கியெடுத்த பலகைகளைத் தளவாய் தடவிப் பார்த்தார். பிள்ளை பிறப்பது ஆவணியில். ஆனியிலேயே சாரல் வந்துவிடும். பிறந்த பிறகு தொடங்கினால் மரம் ஊதியிருக்கும், பொருத்து நிற்காது. வெயிலுக்குக் காத்திருந்தால் பிள்ளை தொட்டிலைத் தாண்டியிருக்கும். செய்வதானால் இப்போது செய்ய வேண்டும்.

சொரிமுத்து ஆசாரியிடம் சொன்னால் பிள்ளை பிறந்த சேதி கேட்டு வாள் எடுத்து, பதினாறாம் நாள் தொட்டிலில் போடுவதற்குள் முடித்துக் கொடுத்திருப்பார். அந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு எந்த ஆசாரியும் மரம் அறுக்கமாட்டார். இது தளவாய்க்குத் தெரியாததல்ல. ஆனால் தன் பிள்ளை இன்னொருவர் செய்த தொட்டிலில் கிடப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பலகைக்கு என்ன தெரியும், தான் தொட்டில் என்று? இப்படித் தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடி, தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

“என்ன ஓய் இது?” என்று பிச்சுமணி கேட்டார்.

“கூண்டு.”

“என்ன கூண்டு?”

“பறவைக் கூண்டு.”

பிச்சுமணி வாயைத் திறந்தார். கிதிர் முகம்மது உளி தீட்டுவதை நிறுத்தாமலே, “கூண்டுன்னு சொல்லுதாருல்லா அய்யரே, கூண்டுதான். நீரு உம்ம மூடியப் பாரும்” என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து கிதிர் முகம்மது தளவாயின் உளிகளைத் தனியாக எடுத்துத் தீட்டி வைத்தார்.

அந்தத் தொட்டிலைப் போல ஒரு வேலையைத் தளவாய் அதற்கு முன்னால் செய்ததில்லை. ஒவ்வொரு மரக்கம்பியும் கைக்குள் உருண்டது. பொருத்துகளில் ஆணியே இல்லை. பிராய் இலையால் தேய்த்துத் தேய்த்து, குழந்தையின் கன்னம் உரசினாலும் சிவக்காத அளவுக்கு வந்துவிட்டது. வைகாசி முடிவில், தலைமாட்டுக் கட்டை வெறுமையாக இருந்ததைப் பார்த்து, கை போன போக்கில் இரண்டு கிளிகளைச் செதுக்கினார். வேறு எந்த உருவமும் அவருக்குச் செதுக்க வராது.

குருவம்மாள் அவருடைய வேட்டியில் மஞ்சள் கறை பார்த்தாள். பலா என்று அவளுக்குத் தெரியும்.

“பிச்சுமணி அய்யர் பெட்டி செய்யுதாரு” என்றார் தளவாய். பொய்யென்று சொல்ல முடியாது. பிச்சுமணி எப்போதும் பெட்டி செய்துகொண்டுதான் இருந்தார்.

கிதிர் முகம்மதுவின் மகள் நூருன்னிசா தலைப்பிரசவத்துக்கு வந்து வைகாசியில் ஆண் பிள்ளை பெற்றிருந்தாள். ஆனி பிறந்ததும் குருவம்மாள் முருங்கைக்காயும் ஒரு சின்னத் தூக்கில் நெய்யும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனாள். கிதிர் முகம்மதுவின் மனைவி சுல்தான் பீவி அவளை மனையில் உட்காரவைத்து உபசரித்தாள். சேலைத் தூளியில் கிடந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்குப் போன குருவம்மாள் கிட்டங்கியின் பின்கதவு திறந்திருக்கக் கண்டாள். உள்ளே சாக்குப் போட்டு மூடிய எதுவோ ஒன்று. சாக்கு நழுவிய இடத்தில் ஒரு கிளி மூக்கு தெரிந்தது.

அவள் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி மூடினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சொல்லிக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் தளவாய் கோர்ட்டிலிருந்து வந்தபோது அடுப்பு எரியவில்லை. குருவம்மாள் அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“அதுக்கும் கிளிதான் செதுக்கியிருக்கீய” என்றாள்.

அவருக்குத் தலைப்பாகையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. சாரலையும் மரம் ஊதுவதையும் பொருத்து ஆடுவதையும் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவருக்கே விளங்கியது.

“மரம் சுருங்குமேன்னு யோசிச்சீயளே, எனக்கு என்ன ஆகும்னு யோசிச்சீயளா?” என்று கேட்டாள். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஒடச்சிருதேன் குருவு. நாளைக்கே ஒடச்சு அடுப்புல வச்சிருதேன்.”

“தொட்டில ஒடைக்கதா? எரிக்கதா? வாயக் கழுவுங்க!” என்று நடுங்கினாள்.

அவள் சொன்னதும் சரிதான். உடைத்தால் கேடு. எரித்தால் அதைவிடக் கேடு. விற்பது பிள்ளையையே விற்ற மாதிரி. சிற்றாற்றில் விட்டால் ஆற்றோடு எதை விட்டதாக அர்த்தம்? செய்திருக்கவே கூடாத ஒரு பொருளை என்னதான் செய்வது? உலகத்தில் எத்தனையோ சாமான்களுக்கு இடம் இருக்கிறது. அந்தத் தொட்டிலுக்கு மட்டும் இடம் இல்லாமல் போயிற்று.

குருவம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் இடுப்பு வலித்தது. பிச்சுமணி வந்து பார்த்துவிட்டு, தளவாயைத் தனியே கூப்பிட்டு, “மனசு இப்படி உலைஞ்சுதுன்னா தாயும் தாங்காது, சிசுவும் தாங்காது ஓய். ஏழாம் மாசம். என்ன பண்ணுவீரோ தெரியாது, அவா கவலையைத் தீரும்” என்றார்.

வழி சொன்னது குருவம்மாள்தான். அவர்கள் பக்கத்தில் பிள்ளை தங்காத வீட்டில் பிறக்கிற குழந்தையை இன்னொருத்தி கையில் கொடுத்து, தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்குவார்கள். பெற்ற பிள்ளை இல்லை, பிச்சையாகக் கிடைத்த பிள்ளை என்றால் கண் படாது என்று ஒரு நம்பிக்கை.

“தொட்டிலுக்கும் அப்படித்தான். வேற பிள்ளை ஒண்ணு அதுல கெடந்துட்டா, அது நம்ம பிள்ளைக்கின்னு செஞ்சதில்லன்னு ஆயிரும். நூருன்னிசா பிள்ளைக்குக் குடுத்துருங்க. பிறகு வேணும்னா கேட்டு வாங்கிக்கிடலாம்.”

“அவுக பிள்ளைக்கு…” என்று தளவாய் இழுத்தார்.

“கண்ணு நம்ம மேலதான? அவுகளுக்கு ஒண்ணும் ஆகாது.” சொல்லிவிட்டு அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் தளவாய் கிட்டங்கிக்குப் போய், “அண்ணாச்சி, கூண்டு முடிஞ்சுது. பேரப்பிள்ளைக்கு வச்சுக்கிடுங்க” என்றார். கிதிர் முகம்மதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. தீட்டிக்கொண்டிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டு, தளவாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஏ தளவா, இந்த வேலைய உன் பிள்ளைக்கில்ல வே வச்சிருந்த.”

“அதுக்கு வேற செஞ்சுக்கிடலாம் அண்ணாச்சி.”

தொட்டில் அன்றைக்கே உள்வீட்டுக்குப் போயிற்று. அன்று குருவம்மாள் சாப்பிட்டாள், தூங்கினாள். தளவாய்க்கும் பாரம் இறங்கினாற்போல இருந்தது. அப்புறம்தான் அவரைச் சனி பிடித்தது. இந்தக் கண்ணு, தோஷம் எல்லாம் பொய்யென்று அவர் நினைப்பதாக இருந்தால், எதற்கு இந்த நிம்மதி? மெய்யென்று நினைப்பதாக இருந்தால், எதை அவர் நூருன்னிசாவின் பிள்ளை தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தார்? கோர்ட்டில் உட்கார்ந்து பிரதி எழுதும்போது, கேள்வி இரண்டு பக்கமும் கூராக நின்றது. யாரிடமும் கேட்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டங்கிக்குப் போனார், ஆனால் கை ஓடவில்லை. உள்வீட்டிலிருந்து தொட்டில் ஆடுகிற சத்தம் வந்தால் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் செய்த பொருத்து ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை. அதுவே அவருக்குத் தண்டனையாக இருந்தது.

ஆடியில் சாரல் வலுத்தது. பெரிய கோயிலின் மொட்டைக் கோபுர வாசலில் வேட்டி நிற்காத காற்று. அந்த ஈரத்தில் நூருன்னிசாவின் பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டது. பிச்சுமணி காலையும் மாலையும் போய் மருந்து கொடுத்தார். பிள்ளைக்குக் கண் குழி விழுந்துவிட்டது என்று கோர்ட்டு வாசலில் வைத்துத் தளவாயிடம் சொன்னபோது, அவர் குரலில் வழக்கமான கேலி இல்லை.

தளவாய் வீட்டுக்கு வந்து வாசல் நடையிலேயே நின்றார். குருவம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதே முகத்தை அவள் ஒருமுறை, இதே வீட்டில், அவள் மடியில் பிள்ளை கிடந்தபோது பார்த்திருக்கிறாள்.

“யாருக்கு?” என்றாள்.

சொன்னார்.

அவள் தாழங்குடையை எடுத்துக்கொண்டாள். “எங்க போற, இந்த மழையில, இந்த வயித்தோட?” என்று கேட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார்.

சுல்தான் பீவி பிள்ளைக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். நூருன்னிசா அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். குருவம்மாள் நிலைப்படியில் நின்று, முந்தானையை இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்தாள்.

“அக்கா, அந்தத் தொட்டில எனக்குத் தந்துருங்க.”

சுல்தான் பீவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. குருவம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். நடைவண்டியைச் சொன்னாள், கிளியைச் சொன்னாள், எதற்காகக் கொடுக்கச் சொன்னாள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். “எங்க மேல வாரது எங்க மேலயே வரட்டும். உங்க பிள்ள மேல வேண்டாம். நான் பெத்துப் பறிகுடுத்தவ. இன்னொருத்திக்கு அதக் குடுத்துட்டு எனக்குப் பிள்ள வேண்டாம்” என்று சொன்னபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பின்னால் மழையில் நனைந்துகொண்டு நின்ற தளவாய்க்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. தான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள்.

சுல்தான் பீவி ஈரத்துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து பிள்ளையின் நெற்றியில் போட்டாள். பிறகு, “கேட்டிருக்கலாம்லா ஏட்டி” என்றாள். “கேட்டிருந்தா நானே சரின்னு வாங்கிருப்பேன். அல்லா பாத்துக்கிடுவான்னு தைரியமா வாங்கிருப்பேன். கேக்காம குடுத்தியே.”

கிதிர் முகம்மது கிட்டங்கி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தளவாயை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே கைவண்டியில் தொட்டில் வந்து சேர்ந்தது. தொட்டிலுக்குள் தளவாயின் சாக்குப் பை கிடந்தது. அவருடைய உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், இழைப்புளி எல்லாம் அதில் இருந்தன. இனிமேல் கிட்டங்கிப் பக்கம் வரவேண்டாம் என்பதைக் கிதிர் முகம்மது அப்படிச் சொல்லியனுப்பினார். தளவாய் பையை எடுக்கப் போனார்.

“எடுக்காதீய” என்றாள் குருவம்மாள். “வெறுந்தொட்டில் வீட்டுக்குள்ள வரப்படாது. அது அப்படியே கெடக்கட்டும்.”

கிடந்தது. வீட்டின் நடுக்கூடத்தில், பிறக்காத பிள்ளைக்குச் செய்த தொட்டிலில், உளிகள் சாக்குக்குள் பிள்ளை மாதிரி கிடந்தன. குருவம்மாள் அதைத் தாண்டித்தான் அடுக்களைக்குப் போனாள், வந்தாள். எதற்குப் பயந்தாளோ அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அவள் அந்த ஆடியைத் தள்ளினாள். அதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்று சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியவில்லை. தளவாய்க்குத் தெரிந்தது. அவர் அந்த மாதம் முழுவதும் அவள் முன்னால் நிமிர்ந்து நடக்கவில்லை.

நூருன்னிசாவின் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. பிச்சுமணியின் மருந்தாலோ, தொட்டில் போனதாலோ, பிள்ளையின் ஆயுள் கெட்டியோ, யார் கண்டார்கள்? பிச்சுமணி மட்டும் தன் மருந்துதான் என்றார்.

ஆவணியில் குருவம்மாளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிறந்ததும் வீறிட்டு அழுதது. மூன்றாம் நாள் சுல்தான் பீவி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பிள்ளையைக் கையில் வாங்கி, முன்வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, “இது என் பிள்ள. தவிடு இருந்தா எடுத்துட்டு வா, தாரேன்” என்றாள். குருவம்மாள் எழுந்திருக்க முடியாமல் படுத்தபடியே முறத்தில் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். பிச்சையா என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் கிதிர் முகம்மது வரவில்லை. வழியில் பார்த்தால் தளவாய் கும்பிடுவார். அவர் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவார். பிச்சுமணிதான் இரண்டு பக்கமும் அல்லாடினார். “மூடி இப்பவும் பொருந்தலை ஓய். நீர் இருந்தா திட்டவாவது ஆள் இருக்கும்” என்பார்.

பிச்சையா சேலைத் தூளியில்தான் தூங்கினான். ஊரில் அப்படி ஒரு தொட்டில் எவர் வீட்டிலும் இல்லை. அதில் உளிகள் தூங்கின. குருவம்மாளிடம் கேட்கத் தளவாய்க்குத் துணிவில்லை. மரத்தைத் தொடாமல் அவருடைய கை என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தது. கோர்ட்டில் பென்சிலை மட்டும் தேவைக்கு மேல் சீவிக்கொண்டிருந்தார்.

அடுத்த சாரலும் வந்தது. ஒருநாள் மத்தியானம், ஞாயிற்றுக்கிழமை. பிச்சையா தவழ்ந்து தவழ்ந்து தொட்டில் பக்கம் போனான். கம்பியைப் பிடித்தான். ஒரு காலை ஊன்றினான், விழுந்தான். மறுபடி பிடித்தான். தலைமாட்டுக் கட்டையை எட்டிக் கிளியின் மூக்கை இறுகப் பற்றிக்கொண்டு, எழுந்து நின்றான். நின்றதோடு, நின்றதில் அவனுக்கே ஆச்சரியம் போல, அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

குருவம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அவள் எழுந்து வந்தாள். பிள்ளையைத் தூக்குவாள் என்று தளவாய் நினைத்தார். தூக்கவில்லை. தொட்டிலுக்குள் கையை விட்டு, அந்தச் சாக்குப் பையை எடுத்து, அவர் மடியில் வைத்தாள். கனமாக இருந்தது.

“பரண்ல இருக்குற வண்டிய இறக்குங்க” என்றாள். “இத்தன சாரலுக்குச் சக்கரம் ஒண்ணாவது வெடிச்சிருக்கும்.”

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். உள்ளே அவள் விம்மி விம்மி அழுகிற சத்தம் கேட்டது. இந்த ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை. தளவாய் அவளைத் தேற்றப் போகவில்லை. அவருக்கே கண் தெரியவில்லை.

வண்டியை இறக்கிப் பார்த்தார். அவள் சொன்னது போலவே ஒரு சக்கரம் வெடித்திருந்தது. பையை அவிழ்த்தார். உளிகளெல்லாம் ஒரு வருஷத்து ஈரத்தில் துருவேறி, ஒன்றில்கூட முனை இல்லை. தென்காசியில் அவற்றைக் கூராக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்.

கிட்டங்கியின் பின்வாசலில் போய் நின்றபோது கிதிர் முகம்மது சாணைக்கல்லுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். பிச்சுமணி கையில் ஒரு மூடியோடு திரும்பிப் பார்த்து, வாயைத் திறந்து, நல்ல வேளையாக மூடிக்கொண்டார். தளவாய் துருப்பிடித்த உளியை நீட்டினார். கிதிர் முகம்மது அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். துருவைப் பார்த்து அவர் முகம் கோணியது.

“எதுக்கு?” என்று கேட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

“நடைவண்டிக்கு அண்ணாச்சி. சக்கரம் வெடிச்சிருக்கு.”

கிதிர் முகம்மது உளியைக் கல்லில் வைக்காமல் அவரையே பார்த்தார்.

“பிள்ள நின்னுட்டானா வே? இல்ல, இனிமேதான் நிக்கணுமா?”

“நின்னுட்டான் அண்ணாச்சி” என்றார் தளவாய். “கண்ணால பாத்துட்டுத்தான் வாரேன்.”

கிதிர் முகம்மது கல்லில் எண்ணெய் விட்டார்.